ஒரே தள்ளு, இரண்டு தீர்ப்பு: விஏஆர் வந்தும் சண்டை ஏன் ஓயவில்லை

தென்னாப்பிரிக்காவில் கால்பந்து பார்ப்பவர்களிடம் நடுவர் என்ற பேச்சை எடுத்தாலே இரண்டு பெனால்டிகள் வந்து நிற்கும். முதலாவது 2016 நவம்பர் 12, பொலொக்வானே. செனகலுக்கு எதிரான உலகக் கோப்பைத் தகுதிச் சுற்று ஆட்டம். பந்து செனகல் வீரர் கலிடு கூலிபாலியின் முழங்காலில் பட்டது; கையில் பட்டதாகச் சொல்லி கானா நடுவர் ஜோசப் லாம்ப்டே நமக்குப் பெனால்டி கொடுத்தார். 2-1 என்று ஜெயித்தோம். இரண்டாவது 2021 நவம்பர் 14, கானாவின் கேப் கோஸ்ட். பந்து நம் பெனால்டிப் பெட்டிக்குள் வந்தபோது நம் தடுப்பாட்டக்காரர் ருஷீன் டி ரூக்கின் கை பட்டு கானாவின் டேனியல் அமார்ட்டி விழுந்தார். செனகல் நடுவர் மகெட் என்டியாய் விசில் ஊதினார். ஆந்த்ரே அயூ பெனால்டியை அடிக்க, கானாவுக்கு 1-0. புள்ளி சமம், கோல் வித்தியாசமும் சமம். மொத்தமாக ஒரு கோல் கூடுதலாக அடித்திருந்ததால் கானா அடுத்த சுற்றுக்குப் போனது.

இரண்டு ஆட்டத்திலும் விஏஆர் எனும் வீடியோ உதவி நடுவர் முறை இல்லை. “அன்றைக்கு விஏஆர் இருந்திருந்தால்...” என்றுதான் டர்பனில் இந்தப் பேச்சு எப்போதும் முடியும். பொலொக்வானே விஷயத்தில் அது சரி. முழங்காலா, கையா என்பது ஒரே ஒரு ரீப்ளேயில் தீர்ந்துவிடும். கேப் கோஸ்டில் கதை வேறு. டி ரூக்கின் கை அமார்ட்டி மேல் பட்டதா? பட்டது. அந்தத் தொடுகை ஓர் ஆளைச் சாய்க்குமா? சாய்க்காது என்றே சொல்வோம். ஆனால் வீடியோ அறையில் உட்கார்ந்திருப்பவரிடம் அந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. விஏஆர் மீதான ஏமாற்றத்தில் பெரும்பங்கு இங்கிருந்துதான் கிளம்புகிறது.

அவரிடம் கேட்கப்படும் கேள்வி

சட்டங்களை எழுதும் ஐஎஃப்ஏபி 2016இல் வீடியோ உதவியைச் சோதனைக்கு அனுமதித்து, 2018 மார்ச்சில் சட்டப்புத்தகத்தில் ஏற்றியபோது நான்கு விஷயங்களுக்கு மட்டுமே வாசலைத் திறந்தது: கோலா இல்லையா, பெனால்டியா இல்லையா, நேரடிச் சிவப்பு அட்டை, ஆள் மாறி அட்டை கொடுத்தது. இரண்டாவது மஞ்சள் அட்டை அப்போது அந்தப் பட்டியலில் இல்லை. கார்னரும் த்ரோவும் இருக்கவில்லை. அந்த நான்கிலும்கூட எது சரியான தீர்ப்பு என்று வீடியோ நடுவர் யோசிக்கக் கூடாது. நடுவரின் தீர்ப்பில் எவரும் மறுக்க முடியாத, பளிச்சென்று தெரியும் தவறு இருக்கிறதா என்று மட்டுமே பார்க்க வேண்டும். இல்லையென்றால், நடுவர் என்ன சொன்னாரோ அதுவே நிற்கும்.

இதன் விளைவைக் கொஞ்சம் நின்று யோசித்துப் பாருங்கள். பெட்டிக்குள் ஒரு தடுப்பாட்டக்காரர் எதிராளியின் தோளில் கை வைக்கிறார், எதிராளி விழுகிறார். இந்த வாரம் நடுவர் பெனால்டி கொடுத்துவிட்டார். வீடியோ நடுவர் பார்க்கிறார்: கை பட்டிருக்கிறது, பளிச்சென்ற தவறு என்று சொல்ல முடியாது. பெனால்டி நிற்கிறது. அடுத்த வாரம் அச்சு அசல் அதே தள்ளு, நடுவர் கொடுக்கவில்லை. வீடியோ நடுவர் பார்க்கிறார்: லேசான தொடுகை, கொடுக்காதது பளிச்சென்ற தவறு அல்ல. பெனால்டி இல்லை. விதிமுறைப்படி இரண்டு வீடியோ நடுவர்களும் தங்கள் வேலையைச் சரியாகவே செய்திருக்கிறார்கள். வீட்டில் உட்கார்ந்து பார்ப்பவருக்கோ இது பச்சை ஓரவஞ்சனை.

கேப் கோஸ்டில் விஏஆர் இருந்திருந்தாலும் அந்தப் பெனால்டி நின்றிருக்க நிறைய வாய்ப்பு உண்டு. என்டியாய் ஊதாமல் விட்டிருந்தால், ஊதச் சொல்லி எந்த வீடியோ அறையும் அவரைக் கூப்பிட்டிருக்காது. சாம்பல் நிறச் சம்பவங்களில் ஆட்டத்தின் போக்கை முடிவு செய்வது முதல் விசில்தான்.

எங்கே கோடு போடுவது என்பதும் போட்டிக்குப் போட்டி மாறும். இங்கிலாந்து பிரீமியர் லீக் 2019-20இல் விஏஆரைக் கொண்டுவந்தபோது, நடுவர்கள் மைதான ஓரத்துத் திரைக்குப் போவதே அபூர்வம். அடுத்த சீசனில் அந்தப் பழக்கத்தை மாற்றினார்கள். லண்டனில் சனிக்கிழமை பிற்பகல் 3 மணிக்குத் தொடங்கும் ஆட்டத்தை அங்கிருப்பவர்கள் தொலைக்காட்சியில் பார்க்க முடியாது. நாம் இங்கே 4 மணிக்கோ 5 மணிக்கோ சூப்பர்ஸ்போர்ட்டில் பார்க்கிறோம். வாரநடுவில் ஐரோப்பியச் சாம்பியன்ஸ் லீக், இடையிடையே ஆப்பிரிக்கப் போட்டிகள், ஞாயிறு மதியம் நம்முடைய உள்நாட்டு லீக்கான பிஎஸ்எல். ஒரே வாரத்தில் இத்தனை விதமான அளவுகோலைப் பார்க்கும் ரசிகர், எல்லாவற்றையும் ஒரே தராசில் போடுவது இயல்புதான். அந்தத் தராசு எங்கும் இல்லை.

அளக்க முடிந்ததையும் தவறவிடுவது எப்படி

கருத்தைப் பொறுத்தவை போகட்டும். ஆஃப்சைடும் (பந்து உதைக்கப்படும் கணத்தில் முன்னாட்டக்காரர் கடைசிக்கு முந்தைய எதிராளியைத் தாண்டி நிற்பது) கோல் கோடும் அளக்கக் கூடியவை ஆயிற்றே, அதிலும் ஏன் தகராறு?

கோடு போட்டு அளக்கும் பழைய முறையை எடுத்துக்கொள்வோம். ஒளிபரப்புக் கேமரா நொடிக்கு 50 படம் எடுக்கிறது என்றால், ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் 20 மில்லிநொடி. மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் முன்னாட்டக்காரர் அந்த இடைவெளியில் சுமார் 17 செ.மீ. நகர்ந்துவிடுவார். தடுப்பாட்டக்காரர் எதிர்த் திசையில் நொடிக்கு 4 மீட்டர் வேகத்தில் மேலேறினால் இன்னொரு 8 செ.மீ. ஆக, பந்து காலை விட்டுக் கிளம்பிய படம் இதுவா அடுத்ததா என்ற ஒரே ஒரு தேர்வில் 25 செ.மீ. வித்தியாசம் வந்துவிடும். பந்து காலில் படுகிற சரியான கணம் இரண்டு படங்களுக்கும் நடுவே விழுவதும் சகஜம். பிறகு தோளின் எந்தப் புள்ளியிலிருந்து தரைக்குக் கோடு இறக்குவது என்ற தேர்வு. அதுவும் மனிதக் கைதான். இவ்வளவும் சேர்ந்த பிறகு, கால் கட்டைவிரல் 3 செ.மீ. வெளியே என்று ஒரு கோலை அழித்தால் எப்படி நம்புவது? இந்தச் சிக்கலைக் கொஞ்சம் மட்டுப்படுத்தத்தான் பிரீமியர் லீக் 2021-22இலிருந்து கோடுகளைத் தடிமனாக்கி, சந்தேகத்தின் பலனை முன்னாட்டக்காரருக்குக் கொடுத்தது.

அரைத் தானியங்கி முறையில் இந்தத் தேர்வுகள் பெரும்பாலும் மனிதர் கையைவிட்டுப் போய்விடுகின்றன. 2022 கத்தார் உலகக் கோப்பையில் கூரைக்கு அடியில் 12 கேமராக்கள் ஒவ்வொரு வீரரின் உடலிலும் 29 புள்ளிகளை நொடிக்கு 50 முறை பதிவு செய்தன. பந்துக்குள் இருந்த உணரி நொடிக்கு 500 முறை தகவல் அனுப்பியது. உதைத்த கணம் எது என்ற கேள்விக்கு 2 மில்லிநொடித் துல்லியத்தில் பதில். பிரீமியர் லீக் இந்த வகை முறைக்கு மாறியது 2025 ஏப்ரலில்தான். ஆனால் ஆஃப்சைடு நிலையில் நின்றவர் கோல்கீப்பரின் பார்வையை மறைத்தாரா, எதிராளி பந்தை வேண்டுமென்றே ஆடினாரா என்பதை எந்த உணரியும் சொல்லாது. அங்கே மறுபடியும் மனிதக் கருத்துதான்.

கோல் கோட்டுக்கு நம் நாட்டிலேயே நல்ல பாடங்கள் உண்டு. 2010 ஜூன் 27, ப்ளூம்ஃபோன்டைன். இங்கிலாந்தின் ஃபிராங்க் லாம்பார்ட் அடித்த பந்து குறுக்குக் கம்பத்தில் பட்டுக் கோட்டுக்கு வெகு உள்ளே விழுந்தது. ஜெர்மனிக்கு எதிரான அந்தக் கோலை நடுவர் கொடுக்கவில்லை. அன்றிரவே ஜோஹன்னஸ்பர்க் சாக்கர் சிட்டியில் அர்ஜென்டினாவின் கார்லோஸ் டெவெஸ் ஆஃப்சைடிலிருந்து மெக்சிகோவுக்கு எதிராகக் கோல் போட்டார். அதன் ரீப்ளேயை மைதானத்தின் பெரிய திரையிலேயே ஓட்டிவிட்டார்கள். மெக்சிகோ வீரர்கள் திரையைக் காட்டிக் கத்தினார்கள். ஆனால் திரையைப் பார்த்து முடிவை மாற்ற அன்றைக்கு நடுவருக்கு அதிகாரம் இல்லை. இரண்டு ஆண்டில், 2012 ஜூலையில், கோல் கோட்டுத் தொழில்நுட்பத்துக்கு அனுமதி கிடைத்தது.

ஆனால் அந்தத் தொழில்நுட்பமும் விஏஆரும் வேறு வேறு. முந்தையதில், உதாரணமாக ஹாக்-ஐ முறையில், ஒரு கோலுக்கு 7 வீதம் 14 கேமராக்கள் பந்தை மட்டுமே துரத்தும். ஒரு நொடிக்குள் நடுவரின் கைக்கடிகாரம் அதிரும். விஏஆரில் கையில் கிடைத்த ஒளிபரப்புப் படங்களை வைத்துப் பார்க்க வேண்டும். 2024 ஏப்ரல் 5, பிரிட்டோரியா லோஃப்டஸ் வெர்ஸ்ஃபெல்ட். ஆப்பிரிக்கச் சாம்பியன்ஸ் லீக் காலிறுதியில் தான்சானியாவின் யங் ஆப்பிரிக்கன்ஸ் வீரர் அஸிஸ் கீ அடித்த பந்து மாமெலோடி சன்டவுன்ஸின் குறுக்குக் கம்பத்தில் பட்டுக் கீழே விழுந்து வெளியே துள்ளியது. அங்கே விஏஆர் இருந்தது. கோல் கோட்டுக் கேமராக்கள் இல்லை. கோல் கொடுக்கப்படவில்லை, இரண்டு ஆட்டமும் 0-0, பெனால்டியில் 3-2 என்று சன்டவுன்ஸ் தப்பியது.

தொலைக்காட்சியில் அந்தப் பந்து உள்ளேதான் தெரிந்தது என்று இன்றும் சொல்பவர்கள் உண்டு. அளவைப் பார்ப்போம். பந்தின் சுற்றளவு 68 முதல் 70 செ.மீ.; அதாவது விட்டம் ஏறக்குறைய 22. பந்து முழுதும் கோடு முழுவதையும் தாண்டினால்தான் கோல். எனவே பந்து தரையைத் தொடும் புள்ளிக்கும் கோட்டின் பின்விளிம்புக்கும் நடுவே 10 செ.மீ. பச்சைப் புல் தெரிந்தாலும் கோல் இல்லை. பந்தின் வயிற்றுப் பகுதி இன்னும் கோட்டுக்கு மேலே தொங்கிக்கொண்டிருக்கும். இதன் மேல், கேமரா கோல் கோட்டுக்கு நேராக இல்லாமல் மைதான நடுவை ஒட்டி நின்றால், அந்தரத்தில் இருக்கும் பந்து உண்மையைவிட இன்னும் உள்ளே இருப்பதாகக் காட்டும். இரண்டையும் கழித்த பிறகும் அது கோலாக இருந்திருக்கலாம். ஆனால் இருக்கலாம் என்பதை வைத்துக் கோல் கொடுக்க, பளிச்சென்ற தவறு வேண்டும் என்ற விதிமுறை விடாது.

கோல் கோட்டுத் தொழில்நுட்பமும் ஒருமுறை கைவிட்டிருக்கிறது. 2020 ஜூன் 17, ஆஸ்டன் வில்லா - ஷெஃபீல்ட் யுனைடெட். வில்லா கோல்கீப்பர் பந்தோடு கோட்டைத் தாண்டி விழுந்தார். வீரர்களும் கம்பமும் மறைத்ததால் 7 கேமராவுக்கும் பந்து சரியாகத் தெரியவில்லை, கடிகாரம் அதிரவில்லை. விஏஆர் தலையிட்டிருக்கலாம். கடிகாரம்தான் சொல்லவில்லையே என்று எல்லோரும் இருந்துவிட்டார்கள். ஒரு கருவியை நம்பி இன்னொரு கருவி சும்மா இருந்த கதை.

ஒரே ஆட்டத்தில் இரண்டு கோளாறு

வீடியோ அறைக்குள் என்ன தவறும் என்று புரிந்துகொள்ள 2023 செப்டம்பர் 30 டோட்டன்ஹாம் - லிவர்பூல் ஆட்டத்தைவிட நல்ல உதாரணம் கிடையாது. நடுவர் சைமன் ஹூப்பர். வீடியோ நடுவர் டேரன் இங்லண்ட்.

முதலில் லிவர்பூலின் கர்டிஸ் ஜோன்ஸ். அவர் கால் பந்தின் மேல் பட்டு வழுக்கி, எதிராளியின் கணுக்காலுக்கு மேலே போனது. ஹூப்பர் மஞ்சள் கொடுத்தார். திரைக்குக் கூப்பிட்டார்கள். அவர் திரையில் முதலில் பார்த்தது கால் மடங்கிய கணத்தில் உறைந்து நின்ற ஒற்றைப் படம். மஞ்சள் சிவப்பானது. மெதுவாக ஓட்டும் படம் எங்கே பட்டது, எப்போது பட்டது என்று காட்டும். எவ்வளவு வேகத்தில் பட்டது என்று காட்டாது. அதனால்தான் தொட்ட இடத்துக்கு மெதுவான படம், தாக்கத்தின் கடுமைக்குச் சாதாரண வேகம் என்று விதிமுறை பிரித்துச் சொல்கிறது. உறைந்த படத்தில் எல்லாத் தடுப்பும் கொலைவெறியாகத்தான் தெரியும். ஜோன்ஸுக்குச் சிவப்பு சரியா தவறா என்பது வேறு வாதம். நடுவருக்கு எந்தப் படத்தை முதலில் காட்டுகிறார்கள் என்பதே பாதித் தீர்ப்பு.

பிறகு அதே அணியின் லூயிஸ் டியாஸ். கோல் போட்டார், துணை நடுவர் கொடி தூக்கினார், ஆஃப்சைடு. வீடியோ அறையில் கோடு போட்டுப் பார்த்தார்கள். தெளிவாக உள்ளேதான் இருந்தார். இது வரை எல்லாம் சரி. ஆனால் மைதானத்தில் கோல் கொடுக்கப்பட்டதாக வீடியோ நடுவர் நினைத்துக்கொண்டிருந்தார். கோல் என்பது சரியென்று எண்ணி, சோதனை முடிந்தது என்றார். நடுவருக்கு அது ஆஃப்சைடு சரியென்று கேட்டது. டோட்டன்ஹாம் ஃப்ரீகிக் எடுத்துவிட்டது. சில நொடியில் ரீப்ளே இயக்குபவர்தான் முதலில் சுதாரித்து, மைதானத்தில் கொடுத்த தீர்ப்பு ஆஃப்சைடு அல்லவா என்று கேட்டார். ஆட்டம் மறுபடி தொடங்கிவிட்டால் பின்னால் போக விதிமுறை விடுவதில்லை. ஒன்றும் செய்ய முடியாது என்றார் வீடியோ நடுவர். லிவர்பூல் 2-1 என்று தோற்றது.

அந்த ஒலிப்பதிவைச் சில நாளில் வெளியிட்டார்கள். கேட்டால் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றும், ஆனால் அதில் சதி எதுவும் இல்லை. தீர்ப்பைப் பெயர் சொல்லாமல் “முடிந்தது” என்று மட்டும் சொன்னதுதான் பிரச்சினை. அதன் பின் இறுதி முடிவு இன்னது என்று வாய்விட்டு உறுதி செய்த பிறகே சோதனையை முடிக்க வேண்டும் என்று நடைமுறையை மாற்றினார்கள். விமானிகளும் அறுவைச் சிகிச்சை அறையினரும் எப்போதோ பழகிவிட்ட ஒழுங்கு இது.

நமக்குச் சாதகமாக நடந்த ஒன்றையும் சொல்லிவிடுவது நியாயம். 2024 பிப்ரவரி 7, புவாக்கே, ஆப்பிரிக்கக் கோப்பை அரையிறுதி. நைஜீரியா 1-0 முன்னிலை. விக்டர் ஒசிம்ஹென் இரண்டாவது கோலைப் போட்டுக் கொண்டாடிக்கொண்டிருக்க, நடுவர் திரைக்குப் போனார். அந்த எதிர்த்தாக்குதல் கிளம்புவதற்குச் சற்று முன் நைஜீரியப் பெட்டிக்குள் பெர்சி டாவ் வீழ்த்தப்பட்டிருந்தார். நடுவில் ஆட்டம் ஒருமுறைகூட நிற்கவில்லை. எனவே முந்தைய குற்றம்தான் முதலில்: கோல் ரத்து, மறுமுனையில் நமக்குப் பெனால்டி. டெபோஹோ மொகோயெனா அடித்து 1-1. 2-0 ஆக வேண்டியது சில நிமிடங்களில் சமநிலையானதைப் பார்த்த நைஜீரியர்கள் கொதித்தார்கள். ஆனால் சட்டம் அச்சொட்டாக அதைத்தான் சொல்கிறது. கடைசியில் பெனால்டிச் சுற்றில் 4-2 என்று அவர்களே வென்றார்கள். பந்தைத் தடுத்த ஸ்டான்லி ந்வாபாலி அப்போது நம் சிப்பா யுனைடெட்டின் கோல்கீப்பர் என்பது கூடுதல் எரிச்சல்.

ஹேண்ட்பாலைப் பற்றி நிறைய எழுத வேண்டாம். 2019இல் சட்டத்தை மாற்றினார்கள், 2020இல் கை எங்கே தொடங்குகிறது என்று அக்குளின் அடிப்பகுதியைக் காட்டினார்கள், 2021இல் மறுபடி தளர்த்தினார்கள். மூன்று சீசனில் ஒரே மாதிரிக் கோல் ஒருமுறை செல்லும், ஒருமுறை செல்லாது. இந்தச் சீரின்மைக்கு நடுவர்களைத் திட்டிப் பயனில்லை.

பிஎஸ்எல்லுக்கு வந்தால்

2024-25 சீசன் முடியும் வரை நம் லீக் விஏஆர் இல்லாமலே ஓடியது. அதே நாட்டு நடுவர் விக்டர் கோம்ஸ் 2022 பிப்ரவரியில் செனகல் - எகிப்து ஆப்பிரிக்கக் கோப்பை இறுதியை விஏஆரோடு நடத்தினார். துணை நடுவர் ஸகேலே சிவேலா 2018, 2022 உலகக் கோப்பைகளில் கொடி பிடித்தார். இவர்களைப் போன்றவர்களுக்கு ஒரு தனிச் சங்கடம் உண்டு. விஏஆர் இருக்கும் ஆட்டத்தில், நெருக்கமான ஆஃப்சைடு என்றால் துணை நடுவர் கொடியை உடனே தூக்கக் கூடாது. தாக்குதல் முடியும் வரை காத்திருக்க வேண்டும். தூக்கினால் ஆட்டம் நின்றுவிடும், பின்னால் வீடியோ சரிசெய்ய எதுவும் மிஞ்சாது. விஏஆர் இல்லாத ஆட்டத்தில் அதே கொடி உடனே எழ வேண்டும். கண்டப் போட்டியில் ஒரு பழக்கம், வீட்டு லீக்கில் அதற்கு நேர் எதிரான பழக்கம். அரைநொடித் தயக்கம் போதும், அந்த வாரம் முழுக்க அவர் பெயர் அடிபட.

இங்கே நடுவரை நியமிப்பது நாட்டின் கால்பந்துச் சங்கமான சாஃபா, போட்டியை நடத்துவது பிஎஸ்எல், படம் பிடிப்பது சூப்பர்ஸ்போர்ட். விஏஆருக்கு அரசுப் பணம் தருவதாக விளையாட்டு அமைச்சர் கேட்டன் மெக்கென்சி பேசினார். பணம் வந்தாலும் கேமரா பிரச்சினை தீராது. எஃப்என்பி மைதானத்தில் சோவெட்டோ டெர்பிக்கு (கைஸர் சீஃப்ஸ் - ஆர்லாண்டோ பைரேட்ஸ்) கிடைக்கும் கோணங்கள், உம்லாசி கிங் ஸ்வெலிதினியிலோ குவாமாஷு இளவரசி மகோகோவிலோ நடக்கும் ஒரு வாரநாள் ஆட்டத்துக்குக் கிடைக்காது. கேமரா குறைந்தால் ஆதாரம் குறையும். ஆதாரம் குறைந்தால் பளிச்சென்ற தவறு என்று நிரூபிப்பது கடினம். முதல் விசிலே நிற்கும். ஆக, பெரிய கிளப்புகளின் ஆட்டத்தில் தீர்ப்பு திருத்தப்படும், சிறிய கிளப்பின் ஆட்டத்தில் அப்படியே கிடக்கும். முதல் பிஎஸ்எல் பட்டத்தை 1996-97இல் வென்றது டர்பன் சாட்ஸ்வொர்த்தின் சிறிய கிளப்பான மானிங் ரேஞ்சர்ஸ் என்பதை மறக்காதவர்களுக்கு இது எவ்வளவு உறுத்தும் என்று சொல்லத் தேவையில்லை.

இதைவிட மலிவான வழியும் இருக்கிறது. ஃபிஃபா 2024இல் கொலம்பியாவில் நடந்த 20 வயதுக்குட்பட்ட பெண்கள் உலகக் கோப்பையில் முயன்ற முறையில் தனி வீடியோ அறை கிடையாது. பயிற்சியாளருக்கு இரண்டு முறையீடு. முறையீடு ஜெயித்தால் எண்ணிக்கை குறையாது. நடுவரே திரையில் பார்த்து முடிவு செய்வார். கையிலிருக்கும் சில கேமராக்களே போதும். மில்லிமீட்டர் ஆஃப்சைடு இதில் கிடைக்காது. பொலொக்வானே போன்ற அநியாயம் பிடிபடும். எல்லா மைதானத்துக்கும் ஒரே அளவில் கொடுக்க முடிகிற ஒன்று, பாதி மைதானத்துக்கு மட்டும் கிடைக்கும் உயர்ரக விஏஆரைவிட மேல் என்பது நம் கட்சி.

ஆட்டம் முடிந்த பிறகு நியாயம் கேட்கலாம் என்று நினைப்பவர்களுக்கு முதலில் சொன்ன இரண்டு பெனால்டிகளும் பதில். லாம்ப்டேவுக்கு ஃபிஃபா 2017இல் வாழ்நாள் தடை விதித்து, ஆட்டத்தையும் திரும்ப ஆடச் சொன்னது; அந்த நவம்பரில் அதே பொலொக்வானேயில் செனகல் 2-0 என்று வென்று உலகக் கோப்பைக்குப் போனது. காரணம் நடுவர் தவறு செய்தார் என்பதல்ல. ஆட்டத்தின் முடிவை வேண்டுமென்றே வளைத்தார் என்பது. கேப் கோஸ்ட் பற்றிய சாஃபாவின் முறையீட்டை ஃபிஃபா விசாரணைக்கே எடுக்காமல் தள்ளியது. நடந்த சம்பவத்தைப் பற்றி நடுவர் எடுத்த முடிவு இறுதியானது என்கிறது சட்டம். சாஃபாவோ பிஎஸ்எல்லோ செய்யக்கூடியது, பிரீமியர் லீக்கில் ஐவர் குழு வாராவாரம் செய்வதைப் போல முக்கியச் சம்பவங்களுக்கு வாக்கெடுத்து வெளியிடுவது. அங்கே நடுவர் எடுத்த முடிவு சரியா என்று ஒரு வாக்கு, விஏஆர் தலையிட்டது சரியா என்று தனி வாக்கு. அதிலும் சில நேரம் 3-2 என்று பிரிகிறது.

விஏஆர் வருவதற்கு முன் செய்ய வேண்டிய இன்னொன்றுக்குப் பைசா செலவில்லை. துணை நடுவர்கள் கொடியைத் தாமதமாகத்தான் தூக்குவார்கள், அது அவர்கள் வேலை என்று ஸ்டாண்டில் இருப்பவர்களுக்கு வானொலியிலும் மைதான ஒலிபெருக்கியிலும் முதல் ஆட்டத்துக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். கோலைக் கொண்டாடி முடித்த கூட்டத்துக்கு எதிரே பத்து நொடி கழித்துக் கொடி எழும்போது, பாட்டில் பறப்பது வீடியோ அறையை நோக்கி அல்ல.